பரதக் கலையும் நம் பிள்ளைகளும்: சதங்கை கட்டுமுன் தாளம்

பிள்ளைக்குப் பரதநாட்டியம் பழக்கலாமா என்று கேட்கும் கத்தோலிக்கப் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு விடயங்களையே அறிய விரும்புகின்றனர். ஒன்று, அது நமது விசுவாசத்துக்கு இடறலாகுமா என்பது. மற்றது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது. இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. இரண்டுக்கும் இக்கட்டுரையில் இயன்ற அளவு விடை தேடுவோம். ஆனால், இவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்றை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. பிள்ளை ஆடும்போது பாடப்போவது யார்? தாளம் போடப்போவது யார்? அந்தப் பாட்டையும் தாளத்தையும் விளங்கிக்கொண்டுதான் பிள்ளை ஆடப்போகிறதா?

நமது பங்குகளிலும் பாடசாலைகளிலும் நடைபெறும் ஒளிவிழாக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆறு சிறுமியர் பட்டுடுத்தி, நெற்றிச்சுட்டி வைத்து, காலிற் சதங்கை கட்டி மேடைக்கு வருகின்றனர். ஒலிபெருக்கியிற் பாட்டு எழுகிறது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கடைக்கண்ணாற் பார்த்துப் பார்த்துக் கை காலை அசைக்கின்றனர். இடையில் மின்சாரம் நின்றால் பாட்டு நின்றுவிடும்; பாட்டு நின்றாற் பிள்ளைகளும் அப்படியே நின்றுவிடுவார்கள். தாளம் அவர்களுடைய உள்ளத்தில் இல்லை, ஒலிபெருக்கியில் இருந்தது என்பதை அந்த ஒரு கணம் காட்டிவிடுகிறது. பிள்ளைகளை இதற்குக் குறைகூறக் கூடாது. அவர்களுக்கு ஒரு பாட்டுக்குரிய அசைவுகள் சொல்லிக் கொடுக்கப்பட்டன. நடனம் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

காலும் ஒரு வாத்தியமே

பரதத்தின் முதற்பாடம் அரைமண்டி. முழங்கால்கள் இரண்டும் பக்கங்களை நோக்கி விரிய, முதுகு நிமிர்ந்து, உடல் பாதியளவு தாழ்ந்து நிற்கும் நிலை அது. அந்த நிலையில் நின்று உள்ளங்காலால் நிலத்தைத் தட்டுவதே தட்டடவு. அடுத்து நாட்டடவு முதலிய ஏனைய அடவுகள் வரும். அடவு என்பது காலின் தட்டு, கையின் அமைதி, உடலின் நிலை, பார்வை ஆகியவை ஒன்றுசேர்ந்த சிறிய அலகு. எழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லாக்குவது போல் அடவுகளைக் கோத்தே ஆடல் ஆக்கப்படுகிறது. எழுத்தறியாத பிள்ளைக்கு ஒரு செய்யுளை மனப்பாடம் செய்விக்கலாம். அந்தப் பிள்ளையை வாசிக்கத் தெரிந்தவள் என்று யாரும் சொல்வதில்லை.

ஒவ்வோர் அடவுக்கும் வாயாற் சொல்லும் சொற்கட்டு உண்டு. ஆசிரியர் தட்டுக்கழியினாற் பலகையில் தட்டிக்கொண்டு "தையா தை" என்று சொல்ல, பிள்ளை அதற்கு இசைவாகத் தட்டவேண்டும். இங்கேதான் பெற்றோர் கவனிக்கவேண்டிய நுட்பம் இருக்கிறது. ஒவ்வோர் அடவும் மூன்று காலங்களிற் பழக்கப்படும். முதற் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. எண்ணிக்கையின் ஓட்டம் மூன்றிலும் ஒன்றுதான். ஆசிரியரின் கழி ஒரே நிதானத்தில் விழுந்துகொண்டிருக்க, கால் மட்டும் இரட்டித்தும் நான்மடங்காகியும் ஓடவேண்டும். அரைகுறையாகப் பழகிய பிள்ளை மூன்றாம் காலத்துக்கு வந்ததும் தாளத்தையே வேகமாக்கிவிடும்; அல்லது மூச்சு வாங்கித் தாளத்தை இழுத்துவிடும். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "இன்று எத்தனை பாட்டுப் பழகினாய்?" என்று கேட்பதைவிட, "மூன்று காலத்திலும் ஆடிக் காட்டு" என்று கேட்கும் தாய் கெட்டிக்காரி.

அதைச் சரிபார்க்கத் தாயாரும் தாளம் அறிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அறிந்திருக்கத்தான் வேண்டும், அது அவ்வளவு கடினமுமன்று. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையாற் தொடையில் ஒரு தட்டு. பின்னர் சின்னிவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று விரல் எண்ணிக்கை. இது நான்கு. அதன்பின் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு; மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. இது நான்கு. எல்லாமாக எட்டு. இந்த எட்டையும் ஓட்டம் கூடாமற் குறையாமற் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் விளையாட்டுப் போலிருக்கும்; அதன்பின் கை தன்னையறியாமல் விரையத் தொடங்கும். விரையாமற் பிடித்து வைப்பதே தாளப் பயிற்சி.

இனி, தாளத்துக்குள் வரும் நடைகள். மூன்றெழுத்தாய் நடப்பது திஸ்ரம்: தகிட. நான்காய் நடப்பது சதுஸ்ரம்: தகதிமி. ஐந்து கண்டம்: தகதகிட. ஏழு மிஸ்ரம்: தகிட தகதிமி. ஒன்பது சங்கீர்ணம்: தகதிமி தகதகிட. கையில் ஆதி தாளம் ஒரே சீராக ஓட, வாய் இவ்வைந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு விளையாட்டாகவே வந்துவிடும். நாற்பது வயதிற் தொடங்கும் நமக்குத்தான் வியர்க்கும்.

நமது கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களுக்கு இது புதிய செய்தியுமன்று. பாசையூரிலும், நாவாந்துறையிலும், மன்னாரிலும் அர்ச்சிஷ்டவர்களின் வரலாறுகளைக் கூத்தாக ஆடிவந்த மக்கள் நாம். கூத்திலே அண்ணாவியார் என்ன செய்கிறார்? பாட்டுக்களின் மெட்டைக் கட்டிக் காப்பவர் அவர். ஆட்டத்தைப் பழக்குபவர் அவர். அரங்கேறும் இரவில் தாளத்தோடு நின்று கூத்தை விடியும்வரை கொண்டு நடத்துபவரும் அவரே. பிற்பாட்டுக்காரர் பாட்டை ஏந்தாவிட்டால் ராசா பார்ட்டுக்காரரால் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது. பரதத்தில் அண்ணாவியாருடைய இடத்தில் இருப்பவர் நட்டுவனார். நமது பாட்டன்மார் கூத்துக் கொட்டகையிற் கண்டதையே பிள்ளை இன்று வேறொரு வகுப்பிற் கற்கிறது.

பக்கத்தில் இருப்பவர்கள்

பக்கவாத்தியம் என்பது ஆடலுக்கு அலங்காரமாகப் பின்னர் சேர்க்கப்பட்டதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் அறிவார்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆனால் இளங்கோவடிகள் அவளை உடனே மேடையில் ஏற்றிவிடவில்லை. ஆடலாசான், இசையாசான், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலூதுபவன், யாழ் மீட்டுபவன் என்று ஒவ்வொருவருடைய தகுதியையும் விரிவாகச் சொல்கிறார். பிறகு அரங்கின் அளவைச் சொல்கிறார்: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். இவையெல்லாம் முடிந்த பின்னரே மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கேறுகிறாள்.

இன்று நாம் காணும் ஆடல் வரிசையை ஒழுங்குசெய்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையைச் சேர்ந்திருந்த இவர்கள் நால்வரும் இசைவாணர்கள், நட்டுவனார்கள். ஆடலை ஒழுங்குபடுத்தியவர்கள் இசையறிந்தவர்களாய் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நமது ஆலயப் பாடகர் குழுக்களில் வாசிக்கப்படும் அதே ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் வடிவேலுவும் ஒருவர். சின்னமேளம் எனப்பட்ட அக்காலத்து ஆடற் குழுவில் முகவீணையும், சுருதிக்குத் துத்தியும் இருந்தன. பின்னர் கிளாரினெற்றும் வந்து சேர்ந்தது. வாத்தியக்காரர்கள் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றபடியே வாசித்து, அவள் முன்னே வந்தால் முன்னே வந்து, பின்னே போனாற் பின்னே போவார்கள். அவர்கள் மேடையின் ஒரு பக்கத்தில் அமர்ந்து வாசிப்பது 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கம்.

இன்றைய குழுவில் நட்டுவனார் முதல்வர். ஒன்று இரும்பும் மற்றது வெண்கலமுமான இரண்டு சிறு தாளங்கள் அவர் கையில் இருக்கும். அவை எழுப்பும் ஒலியானது ஆடுபவளின் பாதம் நிலத்தைத் தொடும் அதே நொடியிற் கேட்கவேண்டும். வாயாற் ஜதி சொல்லி, கையாற் தாளமிட்டு, கண்ணால் ஆடுபவளைக் காப்பவர் அவர். ஆடுபவள் ஓரடவைத் தவறவிட்டால் சபையோர் அறியாமல் அவளை மீண்டும் தாளத்திற் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. ஒலிப்பதிவு இதைச் செய்யுமா?

பாடகரைப் பற்றி ஒரு சொல். கச்சேரியிற் பாடுபவர் தமது கற்பனைக்கேற்பப் பாடலாம். நடனத்துக்குப் பாடுபவர் ஒரே வரியைப் பத்துத் தடவை பாடவேண்டியிருக்கும்; பத்தும் ஒன்றுபோல் இருக்கவும் கூடாது. ஒரு தடவை கெஞ்சலாக, ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை தனக்குத்தானே சொல்வதாகப் பாட, ஆடுபவள் அதற்கேற்ப முகத்திலும் கையிலும் பொருள் விரிப்பாள். ஆதலால் பாடகர் ஆடுபவளைப் பார்த்துக்கொண்டே பாடவேண்டும். கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துப் பாடுபவர் எவ்வளவு இனிய குரலுடையவராயினும் இதற்கு உதவார். வயலினும் புல்லாங்குழலும் பாட்டின் பின்னே சென்று, பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியை நிரப்புவன.

மிருதங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பலா மரத்தைக் குடைந்து செய்த உடல், இரு முகங்களிலும் தோல், இறுக்குவதற்கு வார். வலந்தலையின் நடுவே கருங்கற்பொடியும் சோறும் சேர்த்துப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றிய கரும்பூச்சு இருக்கும். இடந்தலையில் வாசிக்கும் வேளையில் ரவையைக் குழைத்து ஒட்டுவார்கள். அதுவே அடிநாதத்தைத் தருகிறது. பாடகரின் சுருதிக்கு வலந்தலை கூட்டப்பட்டிருக்க வேண்டும். ஐந்து கட்டையிற் பாடும் பெண்குரலுக்குச் சிறிய மிருதங்கம், ஒரு கட்டையிற் பாடும் ஆண்குரலுக்குப் பெரியது என்று வேறுபடுவது இதனாலேயே.

இந்த வாத்தியத்தைச் செய்பவர்கள் யார் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. பசு, ஆடு, எருமைத் தோல்களைத் தெரிந்தெடுத்துப் பதப்படுத்தி, நாதம் வரும்வரை காதைக் கொடுத்துக் கேட்டு அமைக்கும் இந்தத் தொழிலைத் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்களுட் பெரும் பங்கினர், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதிகளிற் பிறந்த கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் என்னும் பெரும் வித்துவானுக்கு மிருதங்கம் அமைத்துக் கொடுத்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து. பெர்னாண்டஸ் என்ற பெயரே மக்கள் வாயில் அப்படியானது. செபஸ்தியான் என்பவரின் வழிவந்த இக்குடும்பத்தாரையும் மற்றும் பல வினைஞரையும் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதியுள்ளார். மேடையில் மிருதங்கத்துக்கு மாலை போட்ட உலகம் அதைச் செய்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. பரதக் கலையிற் கிறிஸ்தவர்களுக்கு என்ன பங்கு என்று யாரேனும் கேட்டால், முதலில் இந்த வினைஞர்களைச் சுட்டிக்காட்டுங்கள்.

ஆடல் வரிசையும் அவசரமும்

முறையான நிகழ்ச்சி அலாரிப்பில் தொடங்கும். இதற்குப் பாட்டே கிடையாது. சொற்கட்டும் தாளமும் மாத்திரமே. கண், கழுத்து, தோள், கை, கால் என்று உடலுறுப்புக்கள் ஒவ்வொன்றாக விழித்தெழுவது போலிருக்கும். அடுத்த ஜதிஸ்வரத்தில் ஸ்வரங்கள் வந்து சேரும். சொல் இன்னும் வராது. சப்தத்திலேதான் முதன்முதல் சாகித்தியமும் அபிநயமும் வருகின்றன. பின்னர் வர்ணம். அரைமணி நேரத்துக்கும் மேலாக நீளும் இதில் ஜதிக் கோவைகளும் பொருள் விரிக்கும் அபிநயமும் மாறிமாறி வரும். மூன்று காலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் திரிகாலத் தீர்மானத்தில், பிள்ளை தட்டடவை எவ்வளவு நேர்மையாகப் பழகியது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். பதத்தில் வேகம் அடங்கி உணர்ச்சி மேலோங்கும். தில்லானாவில் மீண்டும் துள்ளல். மங்களத்துடன் நிறைவு.

இதனைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது ஏனெனில், இரண்டு வருடம் பழகிய பிள்ளைக்கு வர்ணம் சொல்லிக் கொடுங்கள் என்று ஆசிரியரை நெருக்குபவர்கள் பெற்றோர்களே. அயல்வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றம் நடந்துவிட்டது, எங்கள் பிள்ளைக்கு எப்போது என்பதே பேச்சு. அரங்கேற்றம் என்பது ஒரு மாணவி இனித் தனித்து ஒரு முழு நிகழ்ச்சியைத் தாங்குவாள் என்று ஆசிரியர் சபைக்கு அறிவிக்கும் நாள். அது இன்று கலியாண வீட்டுக்கு ஒப்பாகிவிட்டது. மண்டபம், அழைப்பிதழ், நாலு சோடி உடை, விருந்து என்று கடன்பட்டு நடத்தியவர்களும் உண்டு. அடுத்த நாள் சதங்கையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பணத்திற் பாதியைக் கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மிருதங்கக் கலைஞரை வகுப்புக்கு அழைத்திருந்தால் பிள்ளை உண்மையாகவே ஆடக் கற்றிருக்கும்.

நமது நாட்டிற் படிப்படியாகப் பயிலுவதற்கு வசதியில்லாமலில்லை. வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, முடிவிற் கலாவித்தகர் பட்டம் வழங்குகிறது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் சங்கீத அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பரதத்தைப் பட்டப் படிப்பாகவே கற்பிக்க வழிவகுத்தது. க.பொ.த. சாதாரண தரத்திலும் அது ஒரு பாடம். ஆயினும் பரீட்சைச் சான்றிதழ் வேறு, தாள ஞானம் வேறு என்பதை ஆசிரியர்களே ஒத்துக்கொள்வார்கள்.

விசுவாசத்தைப் பற்றிய கேள்வி

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நமது முன்னோர் சதிராட்டத்தை ஒதுக்கிவைத்ததற்குக் காரணம் இருந்தது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தோடு அது பிணைந்திருந்தது. அவ்வழக்கத்தாற் பெண்கள் பட்ட துன்பமும் சிறியதன்று. சென்னை மாகாணத்தில் 1947இல் அவ்வழக்கம் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1930களில், ஈ. கிருஷ்ண ஐயர் முதலியோர் சதிரைப் பரதநாட்டியம் என்ற பெயரிற் பொது மேடைக்குக் கொண்டுவந்தனர். 1935இல் மேடையேறிய ருக்மிணி தேவி 1936இற் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அதே வேளையில், இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அந்தப் பெண்களும் அவர்களுடைய நட்டுவனார்களுமே என்பதை மறைப்பது நியாயமாகாது. தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி (1918–1984) ஆடும்போதே பாடவல்லவர். இசைவேறு நடனம்வேறு அன்று என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்று வகுப்புக்குப் போகும் பிள்ளை எதிர்நோக்குவது என்ன? தொடக்கத்திலும் முடிவிலும் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும் வணக்கம் ஒன்று உண்டு. உன்னை மிதிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியிடம் கேட்பதாக அதற்குப் பொருள் சொல்வார்கள். பூமியைப் படைத்தவருக்கு நன்றி சொல்லி நமது பிள்ளை அதைச் செய்யலாம். வகுப்பில் நடராசர் படத்துக்குப் பூ வைப்பது வழக்கமாயின், பெற்றோர் முதல் நாளே ஆசிரியையிடம் பணிவாகப் பேசுங்கள்: எங்கள் பிள்ளை மரியாதையோடு அமைதியாக நிற்பாள், பூசையில் மாத்திரம் சேரமாட்டாள் என்று. இதைக் கேட்டு முகம் சுளித்த ஆசிரியர்கள் குறைவு. பேசாமல் அனுப்பிவிட்டுப் பின்னர் பிள்ளையைத் திட்டுவதுதான் தவறு.

சாகித்தியங்களிற் பெரும்பாலானவை சிவன்மீதும் முருகன்மீதும் கண்ணன்மீதும் பாடப்பட்டவை. அயலவரின் பக்தியை மரியாதையோடு கற்றுக்கொள்வது வேறு, அதனை வழிபாடாக ஏற்பது வேறு. பாட்டின் பொருள் என்ன என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கள். பொருள் தெரியாமல் ஆடும் அபிநயம் எந்த மதத்தவருக்கும் பயனற்றது.

ஒன்றை மாத்திரம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பழைய பாட்டொன்றை எடுத்து, முருகா என்றிருந்த இடத்தில் யேசுவே என்று மாற்றி, கிறிஸ்தவ நடனம் என்று மேடையேற்றுகிறார்கள். வாய் யேசுவே என்கிறது; கையோ இன்னும் வேலையும் மயிலையும் காட்டுகிறது. இது அவர்களுக்கும் அவமரியாதை, நமக்கும் அவமரியாதை. நமக்கென்று சாகித்தியம் இல்லாமலா போயிற்று? மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவருடைய கீர்த்தனைகள் எல்லாச் சமயத்தவராலும் கச்சேரி மேடைகளிற் பாடப்படுபவை. புரட்டஸ்தாந்து சபையினரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆடலுக்குரிய குறவஞ்சி வடிவத்திலேயே பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். திருச்சிராப்பள்ளியிற் சுவாமி எஸ். எம். ஜோர்ஜ் 1977இற் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்தையும் இசையையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தது. பிரான்சிஸ் பார்போசா என்னும் கத்தோலிக்க நடனக் கலைஞர் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து, தேவமாதா ஆகியோரைக் குறிக்கப் புதிய கைமுத்திரைகளை அமைத்தார். நமது யாழ்ப்பாணத்தில், 2021இல் இறைவனடி சேர்ந்த நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களால் எத்தனை கலைஞரை உருவாக்கியது என்பதை நீங்களே அறிவீர்கள்.

புதிதாக ஒரு சாகித்தியம் ஆக்குவோர் பதத்துக்குரிய பொருளைத் தேடினால் அருளப்பர் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். விடியுமுன் கல்லறையருகே மரிய மதலேனாள் அழுதுகொண்டு நிற்கிறாள். தன் முன் நிற்பவரைத் தோட்டக்காரன் என்று எண்ணுகிறாள். பாடகர் முகாரியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவள் தேடுவதும், குனிந்து பார்ப்பதும், கெஞ்சுவதுமாக அதனை விரிக்கலாம். பிறகு வாத்தியங்களெல்லாம் அடங்கிவிட, பாடகர் "மரியா" என்று ஒரே ஒரு முறை அழைக்கட்டும். மிருதங்கம் வாய்திறக்கக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்கு அவள் திரும்பும் திருப்பத்திற்தான் பதம் முழுவதும் இருக்கிறது. எவ்வளவு நேரம் மௌனம் காக்கவேண்டும் என்பது அன்றைய சபையையும் ஆடுபவளின் மூச்சையும் பார்த்து, பாடகர் அந்தக் கணத்தில் முடிவுசெய்ய வேண்டியது. ஒலிப்பதிவில் அந்த மௌனம் முன்கூட்டியே அளந்து வெட்டப்பட்டிருக்கும்.

ஆலயத்துக்குள் ஆடுவதைப் பற்றி: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தில், மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்புக் கொடுக்கும்படி பணித்தது. 1994இல் உரோமையிலிருந்து வந்த போதனை, பாட்டோடு உடலசைவும் இயல்பாகக் கலந்த மக்களிடத்தில் அது வழிபாட்டில் இடம்பெறலாம் என்றும், ஆனால் அது சமூகத்தின் உண்மையான செபமாக இருக்கவேண்டும், வெறும் காட்சியாக இருக்கலாகாது என்றும் வரையறுத்தது. காணிக்கைப் பவனியில் விளக்கேந்தி, எளிய அடவுகளுடன், பீடத்தை நோக்கி நடந்து வருவது ஒன்று. பீடத்துக்கு முதுகைக் காட்டிச் சனங்களைப் பார்த்துத் தில்லானா ஆடுவது இன்னொன்று. முன்னையதற்குப் பங்குத்தந்தையின் அனுமதியும் ஆயரின் ஒழுங்கும் போதும். பின்னையதற்கு மண்டபம் இருக்கிறது. அஞ்சலி முத்திரையைத் தலைக்கு மேல் தெய்வத்துக்கும், முகத்துக்கு நேரே குருவுக்கும், மார்புக்கு நேரே அந்தணருக்கும் என்று அபிநயதர்ப்பணம் வகுத்திருக்கிறது. எந்த வணக்கம் யாருக்கு, எந்த இடத்தில் என்பதில் அந்தப் பழைய நூலுக்கிருந்த கவனம் நமது ஆலயங்களிலும் இருக்கட்டும்.

பங்கிலே செய்யக்கூடியது

பிள்ளையைச் சேர்க்குமுன் ஆசிரியையின் வகுப்பொன்றை ஓரமாக இருந்து பாருங்கள். கழியும் பலகையும் இருக்கின்றனவா, அல்லது கைத்தொலைபேசியிற் பாட்டுப் போட்டுப் பழக்குகிறாரா? பிள்ளைகள் வாயாற் சொற்கட்டுச் சொல்கிறார்களா? முதல் ஆண்டில் மேடை கிடையாது என்று சொல்லும் ஆசிரியை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதோடு வாரத்தில் ஒரு நாளாவது வாய்ப்பாட்டு வகுப்புக்கும் பிள்ளையை அனுப்புங்கள். பாடகியாக வேண்டுமென்பதில்லை, சரளிவரிசையும் அலங்காரமும் தெரிந்தாற் போதும்.

பெண்பிள்ளைக்கு நடனம், ஆண்பிள்ளைக்கு ரியூசன் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. அக்கா ஆடினால் தம்பி மிருதங்கம் பழகட்டும். ஒரு பங்கில் நான்கு குடும்பங்கள் இப்படி எண்ணினால், ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் பங்குக்கென்று ஒரு பக்கவாத்தியக் குழு உருவாகிவிடும். பாடகர் குழுவில் ஏற்கெனவே குரல் இருக்கிறது, சில இடங்களில் வயலினும் இருக்கிறது. இல்லாதது தாளக்காரரே.

வருகிற நத்தாருக்கே தொடங்கலாம். ஒலிப்பதிவை ஒருமுறை ஒதுக்கிவைத்துவிட்டு, பாடகர் குழுவுக்குத் தெரிந்த பாலன் பிறப்புப் பாட்டொன்றை, ஆதி தாளத்தில் அமைந்ததாகத் தெரிந்தெடுங்கள். இருவர் பாட, நடனம் தெரிந்த அக்கா ஒருவர் கைத்தாளத்தோடு மேடையின் ஓரத்தில் அமர, நாலு பிள்ளைகள் தட்டடவும் நாட்டடவும் மாத்திரம் ஆடட்டும். கார்த்திகை முழுவதும் சனிக்கிழமைகளிற் பாடுபவரும் ஆடுபவரும் ஒன்றாகவே ஒத்திகை பாருங்கள். முதல் இரண்டு சனியும் பிள்ளைகள் ஆடவே வேண்டாம். பாயில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக் கையாற் தாளம் போடட்டும்.